கேரவனில் வந்தவர் யாரையும் பார்க்க மாட்டார்

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. கணக்கு இடிக்கிறதே என்கிறீர்களா? என் தங்கச்சி சீக்கிரம் போய்விட்டாள். அவள் விட்டுப் போன இரண்டையும் சேர்த்துத்தான் ஆறு. ஆறும் இன்று தன் காலில் நிற்கின்றன. ஒன்று மீஞ்சூரில் கம்பெனி வேலைக்குப் போகிறது, ஒன்று ஆரம்பாக்கத்தில் கடை வைத்திருக்கிறது... மற்றதையும் சொன்னால் பெருமை பீற்றுகிறாள் என்பீர்கள். பீற்றத்தான் செய்வேன். எனக்காக வேறு யார் வந்து பீற்றப் போகிறார்கள்?

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஆச்சரியப்படுவது எனக்கு அவ்வளவு சுலபமில்லை. கூரையைத் தூக்கிக்கொண்டு போன புயலைப் பார்த்திருக்கிறேன். கடலோடு கலக்கிற எங்கள் உப்பு ஏரி வற்றி, சேறு வெடித்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். பூநாரைக் கூட்டம் தண்ணீரையே மறைத்துக்கொண்டு இறங்கும்போது, வெளியூர்க்காரர்கள் "ஆ!" என்று நிற்பார்கள். நான் "நகருங்க, வேலைக்கு நேரமாச்சு" என்று போகிறவள்.

அப்படிப்பட்டவள் போன வாரம் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

எங்கள் ஊர் ஏரிக்கரைச் சவுக்குத் தோப்பில் பஞ்சாயத்து ஒரு கேம்ப் இடம் திறந்திருப்பதைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். தெரியாதவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன். யார் வேண்டுமானாலும் வரலாம். டென்ட் அடிக்கலாம். வண்டியை நிறுத்தி அதிலேயே தங்கலாம். குழாய் உண்டு, கக்கூஸ் உண்டு, கரண்ட் கம்பம் உண்டு. கூட்டிப் பெருக்கிக் கவனித்துக்கொள்வது எங்கள் மகளிர் குழு. நான் குழுத் தலைவி இல்லை. தலைவிக்கு யோசனை சொல்கிறவள்!

வருகிறவர்களைப் பார்க்க வேண்டுமே! மெத்தையைப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்து பம்பு வைத்துக் காற்றடிக்கிறார்கள். குடை மாதிரி ஒரு வீட்டை விரிக்கிறார்கள். குட்டி நண்டு ஒன்று ஓடியதற்கு ஒரு பெண்பிள்ளை நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு இறங்கவே மாட்டேன் என்றது. ஒரு நாள் ஒருவர் எங்களிடம் வந்து, "இங்கே வைஃபை எங்கே கிடைக்கும்?" என்று கேட்டார். என்னோடு வேலை செய்கிற எஸ்தருக்கு வாய் நீளம். அவள் திரும்பி என்னிடம் சொல்கிறாள்:

"இன்னாக்கா இந்த ஆளு! வைஃபு எங்கனு கேக்கறாரு. பக்கத்துலதான நிக்குது அந்தம்மா!"

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த தோப்புக்குள்தான் போன சனிக்கிழமை அந்தப் பெரிய வண்டி வந்தது.

வெள்ளை வண்டி. பக்கத்தில் ஜன்னல், ஜன்னலுக்குத் திரை. பின்னால் ஏணி. அதைக் கண்டதுமே ஊருக்குள் ஒரே ஓட்டம். "கேரவனு! கேரவனு!" கேரவன் என்றால் நம் ஊரில் யார் இருப்பார்கள்? சினிமாக்காரர்கள்தானே! படப்பிடிப்புக்கு ஹீரோ வந்திருக்கிறார் என்று ஒருவன் சொன்னான். தாடி வைத்த ஹீரோவாம். உள்ளே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததைத் தன் கண்ணால் பார்த்தானாம். எஸ்தர் வீட்டுக்கு ஓடிப்போய்த் தலை வாரிக்கொண்டு வந்தாள்.

"உன்னை நடிக்கக் கூப்புட்டா இன்னா பண்ணுவ?"

"மாமியாரு வேசம்னா மாட்டேன்னு சொல்லிடுவேன். கதாநாயகினா பாக்கலாம்."

வண்டியை ஓட்டி வந்தது ஒரு பெண். நாற்பது வயது இருக்கலாம். ஒல்லி உடம்பு. அந்த ஒல்லி உடம்பு அவ்வளவு பெரிய வண்டியைச் சவுக்கு மரங்களுக்கு நடுவே ரிவர்ஸில் கொண்டுவருகிறது! நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். அப்போது திரைக்கு உள்ளேயிருந்து ஒரு கனத்த ஆண் குரல்:

"ஒடி... இன்னும் ஒடி... நேர் பண்ணு. வரலாம், வரலாம்... போதும்!"

வண்டி மரத்தில் கீறல் படாமல் வந்து நின்றது. திரை அசையவே இல்லை. வெளியே எட்டிப் பார்க்காமல் எப்படிச் சொன்னார்? "உள்ளாற டிவி வெச்சுக்கீறாங்க, அதுல தெரியும்" என்றாள் எஸ்தர். நாங்களும் தலையாட்டினோம்.

அந்தப் பெண் குழாயடிக்கு வந்தாள். பெயர் மேகலா. நாமக்கல் பக்கம். பள்ளிக்கூட டீச்சர். மரியாதையான பெண். எஸ்தருக்குப் பொறுக்கவில்லை.

"உள்ள யாருமா கீறாங்க?"

"அப்பாங்க."

"சினிமாவுல நடிக்கறாரா?"

அவள் சிரித்தாள். "இல்லைங்க."

"அப்போ ஒரு தடவ வெளிய வரச் சொல்லுமா. புள்ளைங்க எல்லாம் காத்துனு இருக்குதுங்க."

அவள் சிரிப்பு அடங்கிவிட்டது. குடத்தைத் தூக்கிக்கொண்டு சொன்னாள்:

"அப்பா யாரையும் பாக்க மாட்டாருங்க."

சுருக்கென்றது எனக்கு. யாரையும் பார்க்க மாட்டாராமே! இந்தக் கரைக்குக் கலெக்டர் வந்தபோதுகூட இறங்கி நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுப் போனார். அப்படியென்ன பெரிய ஆள்?

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தக் கதவு திறக்கவில்லை. மற்ற டென்ட்காரர்கள் எல்லாம் படகில் போனார்கள், போட்டோ எடுத்தார்கள், மணலில் உருண்டார்கள். அந்த ஆள் மட்டும் திரையைப் போட்டுக்கொண்டு உள்ளேயே. பெண்தான் தட்டை எடுத்துக்கொண்டு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாள்.

திங்கட்கிழமை காலை ஒரு கிண்ணத்தில் நண்டுக் குழம்பு எடுத்துக்கொண்டு நானே போனேன். எஸ்தரும் ஒட்டிக்கொண்டு வந்தாள். ஒருத்தி குழம்போடு வாசலில் வந்து நின்றால், உள்ளே இருப்பவர் முகம் காட்டி வாங்கிக்கொள்வது எங்கள் பக்கத்து மரியாதை. மேகலாதான் இறங்கி வந்து வாங்கினாள். "அப்பாவைக் கூப்புடுமா, ஒரு வார்த்த பேசிட்டுப் போறேன்" என்றேன்.

"அவரு யாரையும்..." என்று மறுபடி ஆரம்பித்தாள்.

எனக்கு வந்ததே கோபம்! நேராக ஜன்னலுக்கு அடியில் போய் நின்றுகொண்டேன்.

"ஏன் நைனா, எங்களையெல்லாம் பாக்க மாட்டியா? பாக்காட்டிப் போ! எங்களுக்கு இன்னா நட்டம்? நாங்க எறா புடிக்கறதே பாக்காமத்தான். எங்களுக்குக் கைதான் வேலை செய்யும். கண்ணுக்கு அங்க வேலையே கெடையாது!"

மேகலா கையில் கிண்ணத்தோடு சிலை மாதிரி நிற்கிறாள். போய்விடலாம் என்று திரும்பினேன்.

"பாக்காமயா? அதெப்படிங்க?"

அந்தக் கனத்த குரல்தான். திரை விலகியது. அறுபத்தைந்து வயது முகம். நரைத்த தாடி. கறுப்புக் கண்ணாடி. நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். அவர் அந்தப் பக்கத்துச் சவுக்கு மரத்துக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு என்னிடம் பேசுகிறார்.

எஸ்தர் என் இடுப்பில் இடித்தாள். "யக்கா... அவருக்குக் கண்ணு..."

'பார்க்க மாட்டார்' என்று அந்தப் பெண் சொன்னதை நாங்கள் எப்படி எடுத்துக்கொண்டோம், பாருங்கள்! எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்குத் திமிர் என்று ஓர் அர்த்தம்தான் இருந்தது.

ஆனால் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. காதைத்தான் என் பக்கம் கொஞ்சம் திருப்பினார். "சொல்லுங்கம்மா. பாக்காம எப்படிப் புடிப்பீங்க?"

சொன்னேன். வேறென்ன செய்ய? இடுப்பளவு தண்ணீரில் இறங்கி உட்கார்ந்துகொள்வோம். கழுத்துவரை தண்ணீர் இருக்கும். கலங்கல் தண்ணீர், கண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் பிடிக்க முடியாது. இரண்டு கையையும் சேற்று மேல் பரப்பி, அணைத்த மாதிரி தடவிக்கொண்டே நகர வேண்டும். இறால் விரலில் உரசும். உரசின உடனே அமுக்க வேண்டும். ஓலையில் முடைந்த பறி ஒன்றை வாயில் கவ்விக்கொண்டிருப்போம். பிடித்ததை அதில் போட வேண்டும். முகம் பாட்டுக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

"வாயில கூடை இருந்தா பேச முடியாதேங்க?"

"அதான் நைனா இவளுக்குக் கஷ்டம்" என்று எஸ்தரைக் காட்டினேன். காட்டி என்ன பயன்? அதற்குள் எஸ்தரே, "நான் கூடைக்குள்ளயே பேசுவேன்!" என்றாள். அவர் சிரித்தார்.

அவர் மலைப் பஸ் ஓட்டினவராம். கொல்லிமலையில் அடுக்கடுக்கான வளைவில் வேலைக்காலம் முழுக்க ஓட்டியிருக்கிறார். சனிக்கிழமை டிவியும் இல்லை, ஒன்றும் இல்லை, மரத்தில் மோதித் திரும்புகிற என்ஜின் சத்தத்தைக் கேட்டேதான் மகளுக்கு வழி சொல்லியிருக்கிறார். "பனி எறங்குச்சுன்னா ரோடு கண்ணுக்குத் தெரியாதுங்க. கையில தெரியும். ஸ்டியரிங்குல இப்படி ஒரு அதிர்வு வரும்..." என்று இரண்டு கையையும் காற்றில் பிடித்துக் காட்டினார். பிறகு தானாகவே கையை இறக்கிக்கொண்டார்.

குழாயடியில் மேகலா எனக்கு மீதியைச் சொன்னாள். கண்ணில் அழுத்தமாம். கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வையைத் தின்றுவிட்டது. முழுக்கப் போனதிலிருந்து ஓர் அறையை விட்டு வரவில்லை. யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப்போனால் அவருக்கு ஆகாது. 'ஊரையே ஏத்திக்கிட்டுப் போனவன் நான், என்னை ஒருத்தர் இழுத்துக்கிட்டுப் போறதா' என்பாராம். வண்டி என்றால் மட்டும் வருகிறேன் என்றிருக்கிறார். அதற்காகவே இந்தப் பெண் பெரிய வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, லைசென்ஸ் வாங்கி, வாடகைக்கு இதை எடுத்திருக்கிறாள். அடேயப்பா!

"ஏற்காட்டுல நிறுத்தினேங்க, எறங்கல. ஒகேனக்கல்லுல எறங்கல. இன்னிக்கு மத்தியானம் கிளம்பினாத்தான் வாடகை வண்டியைத் திருப்பிக் குடுக்க முடியுங்க. இங்கயும் எறங்கலைன்னா... மறுபடி அந்த ரூம்தாங்க. அதுக்கப்புறம் அவரை வெளிய கொண்டாற எனக்கு வேற வழி தெரியல."

தைரியம் சொல்வது எனக்கு வராது. என் பறியை மட்டும் எடுத்துப்போய் ஜன்னல் வழியாக அவர் கையில் கொடுத்தேன். தடவிப் பார்த்தார். மோந்து பார்த்தார். விளிம்பில் என் பல் பட்டுத் தேய்ந்த இடத்தில் அவர் விரல் நின்றது.

"இங்கதான் கடிப்பீங்களா?"

"ஆமா நைனா. குடு, வேலைக்கு நேரமாச்சு. தண்ணி எறங்கிடுச்சு."

திருப்பிக் கொடுத்தார். நாங்கள் கிளம்பினோம். கொஞ்ச தூரம்கூடப் போயிருக்க மாட்டோம். பின்னால் கதவுத் தாழ்ப்பாள் சத்தம்.

திரும்பிப் பார்த்தால் அவர் படியில் நிற்கிறார்!

வேட்டியை மடித்துக் கட்டியிருக்கிறார். காலில் கான்வாஸ் ஷூ. ஷூ போட்டுக்கொண்டு ஏரியில் இறங்கக் கிளம்பியவரை அன்றுதான் பார்த்தேன். சிப்பி கிழிக்கும், நல்லதுதான். மேகலா ஓடிவந்து கையை நீட்டினாள்.

"வேண்டாம் பாப்பா."

"அப்பா, மண்ணு மேடும் பள்ளமுமா இருக்குதுப்பா..."

"தெரியுது. அந்தம்மாங்க முன்னாடி பேசிக்கிட்டே போகட்டும். சத்தத்தை வெச்சு நான் பின்னாலயே வந்துருவேன்."

பேசிக்கொண்டே போக வேண்டும். அவ்வளவுதான். எங்கள் எஸ்தர் இருக்கும்போது அது ஒரு பெரிய விஷயமா? கோயிலில் பாதிரியார் பிரசங்கம் பண்ணும்போதே ஓயாத வாய் அது. நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்...

ஒரு வார்த்தை வரவில்லை!

"பேசுடி!"

"இன்னாத்தனு பேசறது?"

"எதையாவது பேசுடி, மனுசன் காலைத் தூக்கினு நிக்கறாரு!"

"ஒண்ணுமே தோணலக்கா... பேஜாரா போச்சே..."

கண்ணெல்லாம் தண்ணீர் அவளுக்கு. அங்கே அவர் ஒரு காலைப் படியிலிருந்து எடுத்துக் காற்றில் வைத்துக்கொண்டிருக்கிறார். முகம் மெல்ல மாறுகிறது. இன்னும் கொஞ்சம் விட்டால் அந்தக் கால் திரும்ப உள்ளே போய்விடும் என்று எனக்குத் தெரிந்தது.

"உன் மாமியாரு கதையச் சொல்லுடி!" என்று கத்தினேன்.

மடை திறந்தது. "எம் மாமியாரா? அந்தம்மா என்னைக் கட்டினு வந்த அன்னிக்கே இன்னா சொல்லுச்சு தெரியுமா? கொழம்புல உப்பு இல்லனு சொல்லுச்சுக்கா! கல்யாணத்தன்னிக்கு! கொழம்பு வெச்சது நானா? சமையக்காரன் வெச்சது..."

கால் மண்ணில் இறங்கியது.

எஸ்தர் பின்பக்கமாகவே நடந்தாள், அவரைப் பார்த்துக்கொண்டே, மாமியாரைத் திட்டிக்கொண்டே. அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு அந்தச் சத்தத்துக்குப் பின்னால் வந்தார். வேர் தட்டினால் நின்றார். மறுபடி நடந்தார். தோப்பில் இருந்த டென்ட்காரர்கள் டம்ளரும் கையுமாக எழுந்து நின்றுவிட்டார்கள். நல்லவேளை, ஒருவரும் "பாத்து சார், பாத்து!" என்று சொல்லவில்லை. தோப்பு மணல் முடிந்து ஈர மணல் வந்தது. ஷூவுக்கடியில் அது மாறியதும், "தண்ணி வந்துருச்சா?" என்றார்.

"வந்துடுச்சு நைனா. இனிமே எம் மாமியாருக்கு ரெஸ்ட்டு" என்றாள் எஸ்தர்.

தண்ணீரில் உட்காரச் சொன்னேன். மாட்டேன் என்பார் என்று நினைத்தேன். மலைக்காரர், நீச்சல் தெரியாதாம். ஆனால் பஸ்ஸில் சீட்டில் உட்கார்வது மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். கழுத்துவரை ஏரி. நான் ஒரு பக்கம், எஸ்தர் ஒரு பக்கம். மேகலா கரையில் முட்டி நனைய நின்றுகொண்டிருந்தாள். அருகே வரவும் முடியாமல், விலகவும் முடியாமல்.

முதலில் ஒன்றுமில்லை. சேறு. பாசி. ஒரு சிப்பி. பிறகு நண்டு ஒன்று விரலைக் கவ்வியது. "ஏய்!" என்று கையை உதறினார். மேகலா "அப்பா!" என்று கத்தினாள். அவரோ உரக்கச் சிரித்தார். "ஹாரன் அடிக்காம குறுக்க வந்துட்டான் பாப்பா!"

அப்புறம் பேச்சை நிறுத்திவிட்டார். கை மட்டும் நகர்ந்தது. எப்படி நகர்ந்தது என்கிறீர்கள்! புதிதாக வருகிறவர்கள் சேற்றைத் தோண்டுவார்கள். இவர் கை தோண்டவில்லை. பெரிய வட்டமாகத் திரும்பியது, மெதுவாக, இரண்டு கையும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்துக்கொண்டு. வளைவில் பஸ்ஸைத் திருப்புகிற மாதிரியேதான்! பார்த்துக்கொண்டிருந்த நான் என் வேலையை மறந்துவிட்டேன்.

திடீரென்று தோள் சிலிர்த்தது. இரண்டு கையையும் சேர்த்து மூடினார். தண்ணீருக்கு மேலே கொண்டுவந்தார். விரலிடுக்கில் மீசை நீட்டிக்கொண்டிருந்தது. நல்ல இறால்.

"போடு நைனா, பறியில போடு!"

போடவில்லை. கையை மூடியபடியே காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"துடிக்குதுங்கம்மா... வண்டிய நிறுத்திட்டு என்ஜின் ஓடுறப்ப, ஸ்டியரிங்குல இப்படித்தான் துடிக்கும்."

நான் இத்தனை வருடத்தில் பிடித்த இறாலைக் குவித்தால் எங்கள் தெரு கொள்ளாது. ஒன்றைக்கூடக் கையில் வைத்துக்கொண்டு 'துடிக்கிறதா' என்று கேட்டதில்லை. உடனே பறியில் போட்டுவிடுவேன். அன்றைக்கு நானும் ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டேன். துடித்தது. ஆமாம், துடித்தது! உடம்பெல்லாம் சிலிர்த்துப் போய் அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஊரெல்லாம் வந்து இந்த ஏரியைப் பார்த்துவிட்டுப் போகிறது. கேமரா என்ன, பைனாகுலர் என்ன! பார்க்கவே பார்க்காத ஒரு மனிதர்தான் எனக்கு என் ஏரியில் புதிதாக ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். வருகிறவர்கள் எதைத் தேடி வருகிறார்கள் என்று சிரித்துக்கொண்டிருந்தேனே... நான் எதைத் தேடினேன், சொல்லுங்கள்?

மேகலா எங்கே என்று பார்த்தேன். கரையில் ஈர மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டிருந்தாள். புடவை நனைந்தது தெரியாமல் அழுதுகொண்டிருந்தாள். யாரும் போய்த் தேற்றவில்லை. அது அழ வேண்டிய அழுகை.

மத்தியானம் வண்டி கிளம்பியபோது அவர் பின்னால் திரைக்குள் இல்லை. முன் சீட்டில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் கண்ணாடி முழுக்க இறங்கியிருந்தது. ஷூவைக் கழற்றி வெயிலில் காயட்டும் என்று முன்னால் வைத்திருந்தார். எஸ்தர் போய் எட்டிப் பார்த்து, "எம் மாமியாரு கதை பாதிதான் சொல்லிக்கீறேன், நைனா" என்றாள்.

"மிச்சத்துக்கு வராம இருப்பேனா? அந்தக் கொழம்புல கடைசியா உப்பு இருந்துச்சா இல்லையா?"

"அத வந்து கேட்டுக்கோ!"

நேற்று மேகலா போன் பண்ணினாள். அப்பா அறைக் கதவைத் திறந்துகொண்டு தானாகவே வெளியே வந்தாராம். டீக்கடை வரை போக வேண்டுமாம். முன்னால் பேசிக்கொண்டு போ என்றாராம். டீச்சருக்கு வகுப்பில் பேசத்தான் வருமே தவிர, தெருவில் தனியாகப் பேசிக்கொண்டு போக வெட்கம். வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே போனாளாம்! தெருவே வேடிக்கை பார்த்ததாம். கடையில் பழைய பஸ்காரர்கள் நாலு பேர் இருந்தார்களாம். அவர்களோடு உட்கார்ந்தவர் இருட்டும்வரை எழுந்திருக்கவில்லையாம்.

அவ்வளவுதான் இந்த வாரம். அடியே யாழினி, என் பேத்தி, இங்கே வா. நான் எழுத்துக் கூட்டி எழுதியதை ஒரு தடவை எனக்கே படித்துக் காட்டு. மெதுவாகப் படி. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறேன் — தப்பு எங்கேயாவது இருந்தால் தட்டுப்படும்.